தட்டில் துடிக்கிறவன்

அண்டசராசரத்துக்கும் வைத்தியம் பார்க்கும் மகாராணியான, என் தங்கை பெற்ற மருமகளுக்கு,

ஜவ்வாது மலையை ஒற்றைத் தோளில் சுமக்கும் உன் மாமன் எழுதுவது. இங்கே கொட்டிய மழையில் மீனெல்லாம் பலாமரம் ஏறிவிட்டது. மற்றபடி நலம்.

செத்துப்போன என் மகன் சிவசங்கரின் தோலிலிருந்து நாங்கள் கொடுத்த துணுக்கை நீ லேபில் வளர்த்து, இதயச் செல்லாக மாற்றி, அச்சு இயந்திரத்தில் அடுக்கடுக்காக வார்த்து, துடிக்கவும் வைத்துவிட்டாய். இனி பிரம்மாவே உன்னிடம் வேலை கேட்டு வருவான். ஆனால் அது தட்டில் துடிக்கும் வீடியோவை உன் அத்தைக்கு அனுப்பியிருக்க வேண்டாம், தாயே.

பார்த்த அன்றே மகன் படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டாள். வருஷத் திதி வந்தது. படையல் போடச் சொன்னேன்.

"இன்னாய்யா பேசுற? உயிரோட கீற புள்ளைக்கு எவளாவது படையல் போடுவாளா?"

"அது நகத்தளவு சதைடி."

"என் வவுத்துல வந்தப்பவும் அவ்ளோதான் இருந்தான்."

மூவுலகையும் வாயாலேயே வென்ற நான், படையலுக்கு அறுத்து வைத்த வாழையிலையைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

ஆராய்ச்சி முடிந்தது, அந்தத் துடிப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்து. ஆனால் நான் வரும்வரை பொறு. அந்த நேரத்தில் பெற்றவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறுகிறோம். மகனைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் உன் அத்தை சாமைச் சோறு கட்டப்போகிறாளாம். எதற்குப் போகிறோம் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் மாமன்