ஜன்னலைத் திறந்தால் பனி வரும்

என் ஆசை அக்காவுக்கு,

உன் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் முதலில் பார்த்தது ஆணியில் தொங்கிய உன் துணியைத்தான். பொம்மைகளுக்குப் பிரைமர் பூச்சு அடிக்கும்போது மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வாயே, அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். அதன் உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு பொட்டுகள் இருந்தன. உன் மூக்குத் துவாரங்கள் பட்ட இடம். வெளியே படிய வேண்டியது உள்ளே எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் அதையே கட்டிக்கொண்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அம்மா வேலைக்குப் போகச் சொல்லவில்லை. பொம்மைக் கடை முதலாளி நம் லயத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார், நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது?

இப்போது நன்றாகவே அடிக்கிறேன் அக்கா. ஈயக் குதிரை வீரர்களைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, குச்சிகளில் ஒட்டி வரிசையாக நிறுத்துகிறேன். ஏர்பிரஷை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குச்சியைத் திருப்பித் திருப்பி, மெல்லிசாக மூன்று தரம். கிட்டே பிடித்தால் வீரனுக்குக் கண் அடைந்துவிடும். தள்ளிப் பிடித்தால் பூச்சு வழியிலேயே காய்ந்து மாவாக விழும். இதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை.

திங்கட்கிழமை தின்னர் நெடியில் தலை சுற்றியது. தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்தேன். உனக்குத்தான் தெரியுமே, அப்புத்தளையில் ஜன்னலைத் திறந்தால் காற்றுக்கு முன்னால் பனி வந்துவிடும். ஈரம் பட்டு ஒரு தட்டு முழுக்கப் பூச்சு வெளுத்துச் சொரசொரத்துப் போனது. முதலாளி ஒரு வீரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன புள்ள இது? வீரனா, சீனி போட்ட பணிஸ் ரொட்டியா?"

நிறம் தீட்டும் மேசையிலிருந்து புஷ்பம் அக்கா குரல் கொடுத்தாள். "விடுங்க முதலாளி. பனியில நின்னு காய்ச்சல் வந்திருச்சு அவனுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஜன்னலச் சாத்திக்கிட்டு அடி. இந்த ஓர்டர் மட்டும் முடியட்டும். புஷ்பம் கல்யாணங் கட்டிப் போகுது. அந்த மேச ஒனக்குத்தான்."

"சரிங்க" என்றேன்.

அந்த மேசை, அக்கா. முகம் எழுதும் மேசை. அடுத்த தீபாவளிக்குள் அங்கே உட்கார்ந்துவிடுவேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். உன்னிடமும் இதையேதான் சொன்னாரா? இந்த ஓர்டர் மட்டும் என்றா?

நீ வீட்டுக்கு வரும் வழியில் கடைசி வளைவில் நின்று, இருமலையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டுத்தான் லயத்துக்குள் வருவாய். நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அம்மாக்கிட்ட சொல்லிராதடி. தெரிஞ்சா தேயில மலைக்கு இழுத்துட்டுப் போயிரும்."

"கொழுந்து எடுக்க ஒனக்கு என்னா பயம்?"

"அட்டைக்குத்தான் பயம். ஒடம்புல இருக்கிறதே கொஞ்சம் ரத்தம்."

சிரித்தோம். சிரித்ததில் உனக்கு இன்னும் இருமல் வந்தது. வீட்டில் அம்மா, "என்னடி இவளுக்கு இப்பிடி இருமுது?" என்று கேட்டபோது நான்தான் சொன்னேன், "பனிக்காத்தும்மா." அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர், "என்ன வேலை செய்யிறவ?" என்று கேட்டார். "பொம்மைக் கடையிலங்க" என்றாள் அம்மா. எவ்வளவு நாளாய் இருமல் என்றார். "பனிக்காத்துங்க, ஒரு வாரமா" என்றாள். உனக்குப் பேச மூச்சில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். சாத்திய ஜன்னலும் சாம்பல் சளியும் ஆறு மாத இருமலும் எனக்குத் தெரியும். டொக்டர் என்னைக்கூட ஒரு தரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா அக்கா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

செவ்வாயும் புதனும் வியாழனும் ஜன்னலைச் சாத்திக்கொண்டே அடித்தேன். பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. நேற்று வேலை முடிந்து வந்ததும் அடக்க முடியாமல் இருமினேன், அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஒனக்குமாடி?" என்றாள்.

"பனிக்காத்தும்மா."

அதே வார்த்தை. யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அம்மா அடுப்படிக்குப் போனாள். அதே கொத்தமல்லி வாசம் வந்தது. அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று கேட்காதே.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் இருமலுக்கோ என் இருமலுக்கோ இனிமேல் நான் பொய் சொல்ல மாட்டேன். அம்மா என்னை அடித்தாலும் சரி, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

இன்று காலை அம்மா, மலையில் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலை மறித்தேன். "நேரமாச்சு, தள்ளுடி" என்றாள். நான் தள்ளவில்லை. சாக்கின் முடிச்சை அவிழ்த்தேன். அவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் சொல்லாததை முதலிலிருந்து சொன்னேன்.

கடைசி வளைவில் உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற,
உன் தங்கச்சி