வெயில் படாத வருடம்

1993 மார்ச் 9

நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இன்றும் இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. இடுப்பு, தொடை, விலா. எலும்புக்கு உள்ளேயிருந்து அமுக்குவது போல ஒரு வலி. புற்றுக்காக வலது மார்பை எடுத்து ஒரு வருடமாகிறது. வலி அங்கே இல்லை. அதுதான் பயம்.

டாக்டரிடம் சொன்னேன். "வயசு ஐம்பதாகப் போகுது, மிஸ். இதெல்லாம் இருக்கும்" என்றார். ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 14

யோகம்மா வந்திருந்தார். அண்ணன் மகள் சிவமலருக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை ஜெயராஜின் தாய். நான் வழக்கம்போலப் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

நான் கேஎல்-இல், அதாவது கோலாலம்பூரில், ஏதோ பயிற்சியில் இருக்கிறேனாம். அண்ணனின் மனைவி வள்ளிநாயகி மச்சாள் கட்டிய கதை. "பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு, ராணி. மாமிக்கு வந்தது பெட்டைக்கும் வருமெண்டு சனம் கதைக்கும். கலியாணம் முடியட்டும், பொறும்."

ஒப்புக்கொண்டவள் நான்தான். கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் வெயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கையகல இடத்துக்குச் சொன்னது, இந்த வீட்டில் ஆள் முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் அண்ணனின் கறுப்புக் கண்ணாடிக் காரில். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 2

இரத்தத்தில் ஏதோ ஒரு நொதி கூடியிருக்கிறதாம். எலும்பிலிருந்து வருவது. "புற்று எலும்புக்குப் போயிருக்கலாம். ஸ்கேன் பார்ப்போம்."

அப்படியானால் போன மாதம் சொன்ன வயசு எங்கே போயிற்று? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 3

எழுத வரவில்லை.

ஏப்ரல் 27

ஸ்கேனில் புற்று பரவியதாகத் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் — கார் வீடு வந்து சேரும்வரை. இறங்கும்போது அதே தொடை, அதே வலி. புற்று இல்லையென்றால் இது என்ன?

மனசுதான் காரணம் என்கிறார் டாக்டர். மனசாம்!

மே 12

இன்று வேறு டாக்டர். காமாரியா என்ற மலாய்ப் பெண், இளம் வயது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை. பிறகு கேள்விகள். மீன்? சைவம். முட்டை? இல்லை. பால்? வாடை பிடிக்காது. வெயிலில் நடப்பதுண்டா?

"இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம், டாக்டர்?"

"ஊர்ல இருக்கு, மிஸ். உங்க மேல படுதா?"

பின்னறையையும் கறுப்புக் கண்ணாடிக் காரையும் சொன்னேன்.

வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு இளகிப்போகும், அதே நொதியும் கூடும் என்றார். நான் நம்பவில்லை. வைட்டமின் என்றாலே வீடு வீடாகப் போத்தல் விற்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இவர் இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். அளக்க முடிகிற விஷயமென்றால் பேசலாம்.

ஜூன் 8

முடிவு வந்தது. மிக மிகக் குறைவு. தவறாக இருக்குமோ என்று டாக்டரே ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்கு வேதியியல் கற்பிப்பவள் நான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வெயில் இல்லாமல் எலும்பு கெட்டவள். வெட்கமா, கோபமா — இரண்டும்.

வாரம் ஒரு பெரிய மாத்திரை, தினம் கல்சியம், காலையில் வெயில். கதிர்வீச்சுப் பட்ட இடத்தை மட்டும் மூடினால் போதுமாம்.

"புற்று திரும்பி வராமல் இது தடுக்குமா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது, மிஸ். எலும்புக்கு உதவும். அவ்வளவுதான் சொல்வேன்."

இத்தனை காலத்தில் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை விழுங்கினேன்.

ஜூன் 10

மச்சாளிடம் சொன்னேன்.

"மாத்திரையைப் போடும், வேண்டாமெண்டு சொல்லேல்ல. வெயிலுக்குப் பின்பக்கம் கொஞ்சம் நில்லும்."

பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே வெயில் இறங்குவதே இல்லை. சொன்னேன்.

"அப்ப எங்க நிக்கப் போறீர்? ரோட்டிலயோ?"

"ஓம். ரோட்டிலதான்."

அண்ணன் பேப்பரைத் திருப்பினார். எனக்கு வலிக்குது, இந்த மனுசன் பேப்பர் பாக்கிறார். நான் செத்தாலும் கேஎல்-லதான் செத்தவ எண்டு சொல்லுவீங்களோ எண்டு கேட்டிட்டன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் சாப்பிடேல்ல.

ஜூன் 11

டத்தோ கிராமாட் சாலை முனைவரை நடந்தேன். வலி. முகம் எரிந்தது. நல்லமுத்து கடை வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

ஜூலை 4

ஆயர் ஈத்தாம் பாசாரில், கீரைக் கடையில் யோகம்மா. நேருக்கு நேர்.

"டீச்சர்! கேஎல்-ல இருந்து எப்ப வந்தனீங்கள்?"

"நான் போகவேயில்லை. எனக்கு மார்பில் புற்றுநோய். வீட்டிலதான் இருந்தனான்."

வெளியாள் ஒருவரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கீரைக்கட்டைப் பைக்குள் வைத்தார்.

"தெரியும் பிள்ளை. மலர் முதல் நாளே ஜெயராஜிட்டச் சொல்லிப்போட்டுது. அவனுக்கு அதில ஒண்டுமில்லை, எனக்கும் இல்லை. உங்கட வீட்டில கேஎல் எண்டு சொல்லேக்க, நாங்கள் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? மரியாதையில்லையே."

வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மலரைப் பிடித்தேன்.

"அம்மாக்குத் தெரிஞ்சா திட்டு விழும் லா, மாமி. அதோட, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நினைக்கிறது நீங்கதான்னு நான் நினைச்சேன்."

ஆக, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அவர்கள் நடித்தார்கள். அவர்களுக்குத் தெரியாதென்று நாங்கள் நடித்தோம். இந்த நாகரிகத்துக்கெல்லாம் விலை என் எலும்பு. யாரிடமிருந்து ஒளிந்திருந்தேன் ஒரு வருடம்?

ஜூலை 6

யோகம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நேற்று மச்சாளிடம் சொல்லிவிட்டேன். "அந்த மனுசி ஒவ்வொரு முறையும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு, டீச்சர் கேஎல்-ல சுகமோ எண்டு…" என்று அழுதார். அவமானத்தில் அழுதார், எனக்காக அல்ல. ஆனால் இன்று காலை மேசையில் ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பால் இருந்தது. வாடை இல்லை. குடித்தேன்.

ஆகஸ்ட் 17

வலி குறைகிறதா, குறைய வேண்டுமென்று நான் ஆசைப்படுகிறேனா? ஒரு தடவை கையூன்றாமல் எழுந்தேன். சோதித்துப் பார்க்க மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை முடியவில்லை.

செப்டம்பர் 21

பள்ளிக்குத் திரும்பிய இரண்டாம் வாரம். தலைமையாசிரியை இரக்கப்பட்டு எனக்கு நூலகத்தைக் கொடுத்திருக்கிறார். என் ஆய்வுக்கூடத்தில் புதிதாக வந்த ஒருவர். இன்று எட்டிப் பார்த்தேன். அமிலப் போத்தல்கள் பாதிக்கு மூடி இல்லை, மீதிக்குத் தவறான மூடி. பிள்ளைகள் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்! குந்தி எழுந்து போத்தல்கள் அத்தனையையும் இறக்கித் துடைத்து, மூடி பார்த்துப் பூட்டி வைத்து முடிப்பதற்குள் பள்ளி விட்டுவிட்டது. நேராகத் தலைமையாசிரியையிடம் போய் என் வகுப்பை எனக்கே தரச் சொன்னேன்.

"உங்க உடம்பு, மிஸ்?" என்றார்.

உடம்புக்கென்ன, அந்த மூடிகளை முதலில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அதிகம்தான். ஆனால் இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.