உன் மாமியாரின் கால்

என் தங்கமே, அக்கா,

ஆமாம், உன் மாமியாரின் கால்தான். நேற்று என் மடியில் இருந்தது.

சிரிக்காதே. ஆஸ்பத்திரியில், மரத்துப்போன கால்களைப் பார்க்கிற பிரிவில், என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை அவரையும் பிடித்துவிட்டது. காலில் எது பட்டாலும் தெரிவதில்லையாம். உனக்கு இருந்தது போல. எனக்கு இப்போது இருப்பது போல.

போட்டிருந்த செருப்பு என்ன தெரியுமா? அதேதான். ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கொடுக்கும் மெத்தை ரப்பர் செருப்பு. நம் பக்கத்தில் அதைக் கண்டாலே தொழுநோய் என்று ஒதுங்குவார்கள். உன்னுடையதை வாசலில் பார்த்த அன்று அவர் போட்ட சத்தம் ஆம்பூர் பஜார் வரை கேட்டிருக்கும்.

"இத்த போட்டுக்கினு தெருவுல போவாத. பெரிய வியாதிக்காரிய மருமவளா கொண்டாந்துட்டேன்னு ஊரே சிரிக்கும்."

நேற்று அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனித்துவிட்டார்.

"இன்னா கண்ணு பண்றது. டாக்டர் சொன்னா கேக்கணும் இல்ல?"

அவ்வளவு சுலபமாகச் சொன்னார், அக்கா.

நீ தெருவுக்குப் பயந்தவள் இல்லை. அவருக்குப் பயந்தாய். அதனால்தான் அந்தச் செருப்பை நீ வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு எடுத்துப்போய், கடைச் செருப்பு போலத் தெரிய முன்பக்கம் பழுப்புத் தோல் வைத்து, ஆணியடித்து வாங்கி வந்தாய். மரத்த காலுக்கான செருப்பில் ஆணி கூடாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் உன் கையை நம்பினாய். செக்கிங்கில் பழகிய கை. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் நுழைந்து, துருத்திய ஆணி, நூல் முடிச்சு, தோல் மடிப்பு என்று தடவியே கண்டுபிடித்த கை. இதற்குள்ளும் விட்டுத் தடவினாய்.

"ஒண்ணும் இல்லடி. நீட்டா கீது. பாரு, வெள்ளக்காரி மாதிரி இல்ல நானு?"

உன் விரல்களும் மரக்கத் தொடங்கியிருந்தன. வேலை போய்விடும் என்று பயந்து கம்பெனியில் நீ அதைச் சொல்லவில்லை. உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயா?

காலிலிருந்து நாற்றம் வந்த பிறகுதான் ஆணியைப் பார்த்தோம். அந்த ஒரு ஆணியில்தான் நீ போனாய்.

அந்தப் பிரிவில் இப்போது வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். பாசிட்டிவாக இருங்கள், சுறுசுறுப்பாக இருங்கள். சுவரில் சிரிக்கிற பாதம் ஒன்றின் படம். நான் எல்லாவற்றையும் செய்கிறேன். விடிந்ததும் காட்பாடியில் நடக்கிறேன். பந்தைப் பாதத்தால் உருட்டுகிறேன். செருப்பை உதறிவிட்டுத்தான் போடுகிறேன். குளித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். சந்தோஷமாகக்கூட இருக்கிறேன். உன் கால் அழுகாமல் இருந்திருந்தால் என் காலை நான் இப்படிப் பார்த்திருப்பேனா? கேட்கக் கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

நேற்று வகுப்பு முடிந்தது. டாக்டர் உன் மாமியாரைப் பார்க்கிற நாள் அடுத்த மாதம்தான். கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"குனிய முடில பாப்பா, கண்ணும் சரியா தெர்ல. அடியில இன்னா கீதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லு."

தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு துளை. சின்னது. ஓரம் வெள்ளை, நடுவில் கருப்பு. அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காலைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த நேரத்தில்.

"நல்லா கீது அத்தை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல் நாக்கு நுனி வரை வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"புண்ணு இருக்கு, அத்தை."

"வலிக்கலியே?"

"வலிக்காது. அக்காவுக்கும் வலிக்கல. மொதல்ல வெரல எடுத்தாங்க."

"அதெல்லாம் இன்னாத்துக்குடி இப்போ?"

"அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ."

வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. காலை எடுத்த பிறகு உன்னை எந்த அறையில் படுக்க வைத்தார், அந்தக் கதவை ஏன் சாத்தியே வைத்தார் என்பது வரை சொன்னேன். மெதுவாக. காலை விடாமல் பிடித்துக்கொண்டு. அழுதார். எனக்கு நன்றாக இருந்தது.

நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாயா? இல்லை, இன்னும் கொஞ்சம் சொல்லுடி என்றிருப்பாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். யார் வந்து கெஞ்சினாலும் உனக்காக நான் மன்னிக்கப் போவதில்லை. என் கால்களையும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. கோபத்தையும் கால்களையும் ஒன்றாகவே கவனித்துக்கொள்வேன். தினமும்.

அவர் அழுது முடித்த பிறகு நர்ஸைக் கூப்பிட்டுப் புண்ணைக் காட்டினேன். சக்கர நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, நானே தள்ளிக்கொண்டு போய்க் கட்டுப் போடும் அறையில் விட்டேன். வெளியே வந்து காட்பாடி பஸ் ஏறினேன்.

உன் கூடப் பிறந்தவள்,
உன் தங்கச்சி