ஆணியில் கழற்றி மாட்டிய சட்டை

மதினி,

இன்று காலை உங்கள் வேலைச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும்போது சேலைக்கு மேலே போட்டுக்கொள்வீர்களே, அண்ணனுடைய பழைய கட்டம் போட்ட சட்டை, அதுதான். வீட்டை ஒதுங்க வைக்கும்போது கிடைத்தது என்று அண்ணன் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். துவைத்து மடித்து வைக்கலாம் என்றுதான் வெளியே எடுத்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து சோப்புத்தூளும் போட்டாகிவிட்டது. முக்குவதற்கு முன்னால் ஒரு தடவை மூக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் போய் வருஷம் ஆகப்போகிறது, கொஞ்சமாவது உங்கள் வாசனை இருக்கும் என்று ஒரு ஆசை. ஒன்றுமே தெரியவில்லை. தூசி ஏறித் தும்மல்தான் வந்தது.

ஆனால் வேப்பமரத்தடியில் படுத்திருந்த டைகர் தலையைத் தூக்கிவிட்டான். சட்டையை முற்றத்துத் துவைகல்லின் மேல் போட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அவனை நினைத்தால் முதலில் உங்கள் கேலிதான் ஞாபகம் வருகிறது. "பேருதான் டைகரு. பொட்டு வெடிக்கே கட்டிலுக்கு அடியில பூந்துருவான்" என்பீர்கள். சிவகாசிப் பக்கம் பிறந்த நாய்க்கு வெடிச் சத்தம் ஆகாது என்றால் அது என்ன பிழைப்பு சொல்லுங்கள். அன்றைக்கும் அப்படித்தான். பின்னால் இருக்கிற பொட்டலில் புதுச் சரக்கை யாரோ வெடித்துப் பார்த்தார்கள். இவன் கேட்டைத் தாண்டிக் குதித்து ரோட்டுக்கு ஓடினான், லோடு வண்டி இடித்துவிட்டது. நான் திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து வந்து சேர்ந்தபோது நீங்கள் அவனை ஒரு பலகையில் படுக்க வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பின்னங்கால் இரண்டும் துணி மாதிரிக் கிடந்தன.

விருதுநகரில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு முறியவில்லை, நரம்புதான் நசுங்கியிருக்கிறது என்றார். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். மாத்திரையை விட நாம் செய்கிற பயிற்சிதான் முக்கியம். காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு மூட்டையும் பத்துத் தடவை மடக்கி நீட்ட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, பாதம் தரையில் படும்படி நிற்க வைக்க வேண்டும். விட்டுவிட்டால் கால் இறுகிப்போகும், பிறகு நரம்பு சரியானாலும் பிரயோஜனம் இல்லை. தெருவில் எல்லாரும் ஊசி போட்டு முடித்துவிடு என்றார்கள். நீங்கள் ஒருவர்தான், "சோறு திங்கிறான்ல, நம்மளப் பாத்தா வாலு ஆட்ட நெனைக்கிறான்ல, பெறகு என்ன?" என்று கேட்டீர்கள். காலை வேளை எனக்கு, சாயங்காலம் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய், ஆத்தாளுக்கு நேர்த்திக்கடனாகத் தகட்டுக் கால் வாங்கிப் போட்டுவிட்டு வந்தீர்கள். "நாய்க்காலு எந்தக் கடையிலயும் இல்ல புள்ள. மனுசக் காலு ரெண்ட வாங்கிப் போட்டேன். ஆத்தாளுக்குத் தெரியும், யாருக்குன்னு." அப்போது நான் சிரித்தேன், மதினி. எத்தனை நாளைக்கு அப்புறம் சிரித்தேனோ.

இனிமேல் சொல்லப்போவதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

தீபாவளி சீசன். நாள் முழுக்கச் சரம் பின்னிவிட்டு, கம்பெனி வண்டியை விட்டு இறங்கி, உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே டைகரிடம் வருவீர்கள். நேரம் தவறக்கூடாதே என்ற பதற்றம். சட்டையைக்கூட மாற்ற மாட்டீர்கள். நீங்கள் தொட்டதும் அவன் நடுங்குவான். முன்னங்காலை ஊன்றி இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுவான், முனகுவான். காலையில் நான் செய்யும்போது ஒரு சத்தமும் இருக்காது. ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தேன், அதைக் கண்ணால் பார்த்தேன். காலண்டர் ஆர்டர் நெருக்கடி, சூப்பர்வைசர் திட்டு, எல்லாம் சேர்ந்து என் வாய் என்னிடம் இல்லை.

"தொடாதீக மதினி. உங்க கை வெடி பின்னுற கை. உசுரத் தொடுற கை இல்ல."

நீங்கள் "சரி புள்ள" என்று எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

பன்னிரண்டு நாள். நீங்களும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. என் திமிர் அப்படி. சாயங்காலப் பயிற்சியையும் நானே செய்துவிடுவேன் என்று வீம்பு பிடித்தேன். பிரஸ்ஸில் ஓவர்டைம். வீட்டுக்கு வந்ததும் கையும் காலும் ஓய்ந்து விழுந்துவிடுவேன். சில நாள் காலையிலும் விட்டுப்போனது. அடுத்த முறை விருதுநகர் போனபோது டாக்டரம்மா வலது காலை மடக்கினார், மடங்கியது. இடது காலை மடக்கினார், பாதி வந்து நின்றுவிட்டது. "இடையில விட்டுட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தீர்கள். டைகர் உடம்பை இழுத்துக்கொண்டு உங்களிடம் போனான். மனசு கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து காலை மடக்கினீர்கள். அவன் நடுங்கவில்லை. உங்கள் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். மறுநாள் சாயங்காலம் வேலைச் சட்டையோடு வந்தீர்கள். நீங்கள் கேட்டில் நிற்கும்போதே, தொடுவதற்கு முன்னாலேயே, அவன் நடுங்க ஆரம்பித்துவிட்டான். குனிந்து உங்கள் சட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, குளித்து வேறு சேலை கட்டி வந்தீர்கள். அவன் நீட்டிப் படுத்துக் காலைக் கொடுத்தான்.

"என்னயப் பாத்து இல்ல புள்ள, இந்தச் சட்டைய மோந்துதான் பயந்திருக்கான். வெடிச்ச அன்னைக்கு உள்ள வாடை அவனுக்கு மறக்கல. நமக்குத்தான் வெடிமருந்து வாடையே மூக்குல ஏறாதே. பொறந்ததுல இருந்து அதுலதான கெடக்கோம்."

இவ்வளவுதான் சொன்னீர்கள். என் பேச்சைச் சொல்லிக்காட்டவே இல்லை. அன்றிலிருந்து தினமும் ஆணியில் சட்டை, குளியல், பிறகு டைகர். வேலை முடிந்து வந்த அலுப்பில் அந்தக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொள்வீர்கள். விரலை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்காலைத் தேய்த்து, ஒண்ணு ரெண்டு என்று எண்ணுவீர்கள். அம்புட்டு மெதுவான கை அது. அந்தக் கையைத்தான் நான் அப்படிச் சொன்னேன்.

மார்கழியில் துண்டு இல்லாமல் எழுந்து நின்றான். தை பிறந்ததும் நடந்தான். வலது காலை ஊன்றுவான். இடது பாதம் மடங்கித் தரையில் உரசும். தோல் கிழியாமல் இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டி உறை தைத்துப் போட்டது நீங்கள்தான். அந்தப் பன்னிரண்டு நாள் அந்தக் காலில் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மதுரை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, உதடு காய்ந்துபோன நிலையில், "இடது காலு எப்பிடி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"நாலு காலும் சரியாப் போச்சு மதினி. நேத்து ஒரு பூனைய வெரட்டிக்கிட்டு ஓடுறான்."

"அவன் பூனைய வெரட்டுறானாக்கும்" என்று சிரித்தீர்கள். நான் பொய் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், என்னை மன்னித்துவிடுங்கள், நான் சொன்னது பாவம் என்று. வீட்டுக்கு வரட்டும், டைகர் முன்னால் உட்கார்ந்து சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உங்களை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

இப்போதும் இரண்டு வேளையும் நான்தான் மடக்கி நீட்டுகிறேன். ஒரு வேளைகூட விடுவதில்லை. பிரஸ்ஸில் நைட் போகச் சொன்னார்கள், முடியாது என்றுவிட்டேன். இனி அந்தக் கால் நேராகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருந்தாலும் எண்ணுகிறேன். எண்ணும்போது உங்கள் குரலில்தான் எண்ணுகிறேன், அது தானாக வந்துவிடுகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது பாதம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சட்டைக்குப் பயந்து வாசலுக்கு ஓடுகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். துவைகல்லிலிருந்து சட்டையைக் கீழே இழுத்துப் போட்டு, அதில் முகத்தைப் புதைத்துப் படுத்திருக்கிறான். உடம்பு முழுக்க நடுங்குகிறது. காது பின்னால் போய் ஒட்டிக்கிடக்கிறது. அந்த வாடை இன்னும் அவனுக்குப் பயம்தான், மதினி. ஆனால் அதற்கு அடியில் உங்களையும் கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது.

வாளித் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டேன். அவன் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறான். எழுந்து போகவில்லை.