வெளியே குளிராக இருந்தது

இன்று பின்னேரம் மக்கோவன் வீதி மருந்துக்கடையில், தலைக்கு வைக்கும் பொருட்கள் அடுக்கியிருந்த இடத்தில், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பச்சைக் களிம்புப் போத்தல் ஒன்றைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு வைத்தாள். தேங்காய்நெய்யும் புதினாவும் கலந்த அந்த வாசம் நான் நின்ற இடம்வரைக்கும் வந்தது. தடிமன் குளிசை வாங்கப் போன நான் ஒன்றும் வாங்காமல் காருக்குள் வந்து இருந்தேன். கனநேரம் காரை எடுக்கவில்லை.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத உனக்குத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலிசில் எழுதினால் எனக்கு அழகாக மன்னிப்புக் கேட்க வரும். அதற்கு வேண்டிய சொற்களையெல்லாம் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். தமிழில் அப்படி இலேசாகத் தப்பமுடியாது. நீ பேசியதையும் என் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து ஸ்காபரோவில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோது, என்னோடு முதலில் கதைத்தவள் நீ. உன் அம்மா ஜமெய்க்காவிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தா. நீ பிறந்தது இங்கேதான். என் லொக்கர் திறக்காமல் நான் அழப்போன நேரத்தில் முழங்கையால் ஓர் இடி இடித்துத் திறந்துவிட்டு, "இது எல்லாரையும் இப்பிடித்தான் செய்யும், உன்னை மட்டும் இல்லை" என்றாய். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான். என் புட்டை நீ சாப்பிடுவாய், உன் அம்மா சுட்ட பாணை நான் சாப்பிடுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூட நடையில் நாங்கள் போகும்போது எங்கள் தமிழ்ப் பெடியன்கள் சிலர் உன்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கறுவல் என்றால் என்ன என்று என்னைக் கேட்டாய். கறுப்பு நிறம் என்றுதான் அர்த்தம், வேறொன்றுமில்லை என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நிறம் மட்டும்தான் எண்டால் உன்ர முகம் ஏன் அப்பிடிப் போகுது?" என்று கேட்டாய். மணி அடித்துவிட்டது என்று சொல்லி வகுப்புக்கு நடந்தேன். நீயும் பிறகு கேட்கவில்லை.

உன் நோயும் எனக்குத் தெரியும். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும் நோய். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாசி மாதம் பஸ் தரிப்பில் நீ வலியில் சுருண்டு விழுந்தபோது உன் தலையை மடியில் வைத்திருந்தது நான்தான். குளிர், தாகம், களைப்பு, இந்த மூன்றும் உனக்கு ஆகாது என்று உன் அம்மா எனக்குப் பாடம் எடுப்பதுபோலச் சொல்லித்தந்தா. எல்லாம் தெரிந்த ஒருத்தியாகத்தான் நான் உன்னோடு ஐரோப்பாவுக்கு வந்தேன் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தைப் பிரான்சில் படிக்க எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த ஊரில் அறை தேடிய கதையை நீ பகிடியாகச் சொல்வாய். தொலைபேசியில் உன் பிரெஞ்சைக் கேட்டு உடனே வரச்சொல்வார்கள். கதவைத் திறந்து உன்னைக் கண்டதும் அறை சற்றுமுன்தான் போய்விட்டது என்பார்கள். கடைசியில் என்னை முன்னால் அனுப்பினாய். எனக்கு அறை தந்தார்கள். அன்று உனக்கொரு வீட்டிலும் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் சிறிது சந்தோசமும் இருந்தது. இந்த வெள்ளைக்காரர் கண்ணுக்கு நான் உன்னைவிட ஒரு படி மேல் என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. உனக்கு அது முதலே தெரிந்திருந்தது.

மார்கழி விடுமுறைக்கு ஜேர்மனியில் என் சின்னம்மா வீட்டுக்குப் போவோம் என்று அழைத்தது நான். சின்னம்மா, என் அம்மாவின் கடைசித் தங்கை, சித்தப்பாவோடு அங்கே அகதியாக ஏழு வருடமாக இருந்தா. சிநேகிதி ஒருத்தியையும் கூட்டிவருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். எப்படிப்பட்ட சிநேகிதி என்று சொல்லவில்லை.

எல்லையில் இரண்டு அதிகாரிகள் ரயில் பெட்டிக்குள் ஏறினார்கள். ஆறு பேர் இருந்தோம். என் கனடிய பாஸ்போட்டைத் திறந்து மூடித் தந்தார்கள். உன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்தார்கள், நகத்தால் சுரண்டினார்கள். எங்கே பிறந்தாய் என்றார்கள். ரொறன்ரோ என்றாய். அதற்கு முதல் எங்கே என்று கேட்டார்கள். அதற்கு முதல் அம்மாவின் வயிற்றில் என்று நீ சொன்னதும் இளையவன் உன் பையை இருக்கையில் கொட்டினான். உன் உள்ளுடுப்புகளை எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கினான். உன் பச்சைத் தலைக்களிம்புப் போத்தலுக்குள் பென்சிலை விட்டுக் கிண்டினான். பிறகு உன் வலிக் குளிசைகளைக் கண்டெடுத்தான். வைத்தியரின் கடிதத்தை நீட்டினாய். அது இங்கிலிசில் இருந்தது. அவன் அதை வாசிக்காமலே குளிசைகளைக் கொண்டுபோனான்.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய ஆறு, அதில் ஒரு வள்ளம். அந்த வள்ளத்தின் நிறம்கூட இப்போதும் ஞாபகம் இருக்கிறது. எதிரே இருந்த கிழவி, நீ உடுப்புகளைப் பொறுக்கும்போது தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டா. "கவலைப்படாதே, சின்னம்மா வீட்டில குளிசை எடுக்கலாம்" என்று நான் சொன்னேன்.

பின்னேரம் மூன்று மணியிருக்கும், சின்னம்மாவின் வீட்டு மணியை அடித்தபோது. மூன்றாம் மாடி. படியேறியதில் உனக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த சின்னம்மா என்னைக் கட்டிப்பிடித்தா. என் தோளுக்கு மேலால் உன்னைக் கண்டா. கட்டிய கை அப்படியே தளர்ந்ததை என் முதுகு உணர்ந்தது.

நீ தண்ணீர் கேட்டாய். சின்னம்மா இரண்டு பேருக்கும் கொண்டுவந்தா. எனக்கு எவர்சில்வர் தம்ளரில், உனக்குக் குடித்ததும் எறிகிற கடதாசிக் கோப்பையில். ஊரில் வேலிக்கு வெளியே நிற்கவைத்துச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே கணக்கு ஜேர்மனியின் மூன்றாம் மாடிக்கும் வந்துசேர்ந்திருந்தது. நான் என் தம்ளரை உனக்குத் தந்திருக்கலாம். அதைக் குடித்து முடித்தேன்.

நீ வாசல் நடையில் நின்றாய். சின்னம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா. கதவைச் சாத்தவில்லை.

"உந்தக் கறுவலை ஏன் பிள்ளை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனி? எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வீட்டுக்காரன் கண்டால் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பான். உவளை இஞ்ச படுக்க விடேலாது. நீ உள்ள வா, புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்."

சின்னம்மாவின் பயம் பொய்யில்லை. ஒவ்வொரு மூன்று மாதமும் வெளியேறு என்ற கடிதம் வருமோ என்று தபால்பெட்டிக்கு முன்னால் நடுங்கிய மனுசி. ஆனால் அந்தச் சொல்லைப் பயம் சொல்லவைக்கவில்லை, அதையும் நான் எழுதத்தான் வேண்டும். உனக்கு நோய் இருக்கிறது, குளிரில் நிற்கக்கூடாது என்று நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். நோய்க்காரி என்று தெரிந்தால் இன்னும் மோசமாகப் பேசுவா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்து, சின்னம்மாவுக்குச் சுகமில்லையாம், வீட்டில் இடம் போதாதாம், பக்கத்தில் மாணவர் விடுதி இருக்கிறதாம் என்றேன்.

"அந்தச் சொல் எனக்குத் தெரியும்" என்றாய். குரலை உயர்த்தவில்லை. உன் பையை எடுத்துத் தோளில் போட்டாய். ஒரு நிமிடம் நின்றாய். நான் என் பையை எடுக்கிறேனா என்று பார்த்தாய் என்று இப்போது தெரிகிறது. பிறகு கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாய். கீழே வீதிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நான் மேலேதான் நின்றேன். பிறகு உள்ளே போய்ப் புட்டு சாப்பிட்டேன்.

விடுதி மூடியிருந்ததாம். நீ மீண்டும் ரயில் ஸ்ரேசனுக்கு நடந்திருக்கிறாய். அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது வலி தொடங்கியிருக்கிறது. நீ நிலத்தில் உருண்டதைப் பார்த்தவர்கள் பொலிசைக் கூப்பிட்டார்கள். போதை என்று நினைத்து அவர்கள் உன்னை ஓர் அறைக்குள் போட்டு, தெளிந்ததும் எழும்புவாள் என்று விட்டுவிட்டார்கள். நாலு மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உனக்கு நினைவில்லை.

உன் சட்டைப்பையில் நான் எழுதித்தந்த சின்னம்மாவின் நம்பர் இருந்தது. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். சின்னம்மாதான் எடுத்தா. உன் பெயர் காதில் விழுந்ததும் "நைன், நைன்", இல்லை இல்லை என்று ஜேர்மன் பாஷையில் சொல்லி வைத்துவிட்டா. ஆர் என்று கேட்டேன். பிழையான நம்பர் என்றா. இரண்டாவது அழைப்பைப் பின்னேரம் சித்தப்பா எடுத்தார். அவர் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்து பாஷை பழகியவர். கேட்டு முடித்துவிட்டு என் கோட்டை எடுத்துவந்து கையில் தந்தார். சின்னம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை.

உன் உதடெல்லாம் வெடித்திருந்தது. இடுப்பெலும்புக்கு இரத்தம் போகாமல் பழுதாகிவிட்டது என்று தாதி சொன்னா. என்னைக் கண்டதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று, அம்மாவுக்கு ஒரு தொலைபேசி எடுக்கவேண்டும் என்று. ரிசீவரை உன் காதில் பிடித்தது நான். நீ சிரித்துச் சிரித்துக் கதைத்தாய். "இவளின்ர சின்னம்மா வீட்டில நிக்கிறன் அம்மா. நல்லாப் பார்க்கினம். கட்டில் நல்ல சூடு. சாப்பாடுதான் உறைப்பு." வைத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அம்மாவுக்கு உண்மை தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவா, அதுதான், என்றாய். எனக்காகச் சொன்ன பொய் அது இல்லை. ஆனாலும் அதற்குள் ஒளிந்துகொண்டது நான்தான்.

படிப்பை விட்டுவிட்டு நீ ரொறன்ரோவுக்குத் திரும்பினாய். நான் என் வருடத்தை முடித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டே தரம்தான் சந்தித்தோம். இரண்டாவது தரம் மோல் ஒன்றின் தேத்தண்ணிக் கடையில், உன் ஊன்றுகோல் கதிரையில் சாய்ந்திருந்தது. இருபத்துமூன்று வயது உனக்கு. தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏன் என்னோட இறங்கி வரேல்லை?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாய். நான் வருடக்கணக்காக ஆயத்தம் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் எங்கோ போயிற்று.

"வெளியில குளிரா இருந்தது" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். சிரித்து முடிந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாய். நீ கடைசியாக என்னிடம் சொன்ன வசனம் பஸ்ஸைப் பற்றியது.

வருடங்கள் கழித்து, உன் முடிவை எனக்கு உன் அம்மாதான் சொன்னா. வலியோடு இங்கேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். எந்த மருந்து, எவ்வளவு வேண்டும் என்று நீயே சொன்னதால் அதற்கு அடிமைப்பட்டவள் என்று நினைத்து ஒரு கதிரையில் இருக்கவிட்டார்களாம். நீ பிறந்த நகரம் இது. விடியும்போது உன் நெஞ்சு அடைத்துவிட்டது.

செத்தவீட்டன்று தேவாலய மண்டபத்தில் உன் அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தா. என்னை இறுக்கிப் பிடித்து, அங்கே நீ சுகமில்லாமல் கிடந்தபோது தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்த என் சின்னம்மாவுக்கு இத்தனை வருடமாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று அழுதா. இடுப்புப் பழுதானதற்கும் நீ அதே பொய்யைத்தான் சொல்லிவைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விலாசம் கேட்டா. நான் எழுதிக்கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துச் சின்னம்மா தொலைபேசி எடுத்தா. "பிள்ளை, கனடாவில இருந்து ஆரோ ஒரு கார்ட் போட்டிருக்கினம். நன்றி எண்டு எழுதிக்கிடக்கு. ஆர் உது?" சொன்னேன். "ஓ, அந்தக் கறுவல் பெட்டையின்ர தாயே? பாவம். நல்ல வடிவான கார்ட். சோகேஸ் அலுமாரியில வைச்சிருக்கிறன்." ஓம் சின்னம்மா என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போவது நான்தான். வீட்டுக்குத் திரும்பியதும் தேத்தண்ணி ஊற்றித்தந்துவிட்டு, அந்த வீட்டைப் பற்றிச் சொல்லு என்று கேட்பா. நீ படுத்த அறையைப் பற்றித்தான் கூடக் கேட்பா. முதலில் ஒரு கட்டில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு யன்னல் வந்தது. யன்னலுக்கு வெளியே ஒரு மரம் வந்தது. காலையில் சின்னம்மா உனக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பா. நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்ப்பா. போன கிழமை, போர்வை என்ன நிறம் என்று கேட்டா.

நீலம் என்றேன்.