மதினியின் கையும் என் புல்லெண்ணெயும்

அன்பு மதினிக்கு,

எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "என்ன கொழுந்தனாரே, பாடம் மறந்துபோச்சா?" என்று கேலி பண்ணியிருப்பீர்கள்.

செல்லூரில் மாவு அரைத்து விற்ற உங்கள் கை எப்போதும் ஈரம். விரலிடுக்கில் பூஞ்சை பிடித்துத் தோல் வெளுத்து உரிந்தது. யாராவது பார்த்தால் வியாபாரமே படுத்துவிடும் என்று கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டீர்கள்.

நான் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்த்து, நடுவில் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் ஆனது கையிலும் ஆகும் என்று நானே முடிவுகட்டி, தேங்காயெண்ணெயில்கூடக் கலக்காமல் உங்களிடம் கொடுத்தேன்.

"எரியுதா மதினி?"

"லேசாத்தான் தம்பி. நல்லாக் கேக்குது."

சில வாரத்தில் புண் ஆறியது. உங்கள் கையைப் படமெடுத்து ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டி, 'இயற்கை எண்ணெயால் குணமான கை' என்று கீழே எழுதினேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சீசாவில் ஊற்றிக் கொடுத்தேன். எம்புட்டுப் பெருமை எனக்கு!

தை மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். காரியம் முடிந்த பிறகு அண்ணன் உங்கள் உளுந்து டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். பிதுக்கித் தீர்ந்த களிம்பு, காலி மாத்திரை அட்டைகள், எண்ணெய் போடக் கூடாது என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு.

"உளுந்து வாங்க சிம்மக்கல் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான்டா போயிட்டு வந்தா. உன் எண்ணெய போட்டுக் கை வெந்துபோச்சு. சொல்லிறாதீக, தம்பி மொகம் வாடிரும்னா."

ஏன் மதினி சொல்லவில்லை? சொன்னால் கேட்கிற ஆளாக நான் இருந்தேனா?

இதோடு போயிருந்தால் மடத்தனம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். போன வாரம் ஆட்டோ ஓட்டும் முருகேசண்ணன் வந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை.

"டாக்டர்ட்ட போகாம ஒங்க எண்ணெயத்தான் தம்பி போடுறேன். நிக்க மாட்டேங்குது. மதினிக்கு ஆச்சுல்ல, எனக்கு ஏன் ஆகல?"

அப்போது எனக்கு எல்லாம் தெரியும். உங்கள் டப்பா என் அலமாரியில்தான் இருந்தது. ஆனாலும், "இன்னும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கண்ணே" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் ஆட்டோச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிறேன். வெட்கமாக இருக்கிறது மதினி.

அந்த எண்ணெயில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டில் தெளிந்த வட்டம் பொய்யில்லை. அதை ஆளின் தோலுக்கு மருந்தாக்க எவ்வளவு கலக்கலாம், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்க்க வேண்டியது ஏராளம். அது எதையும் பார்க்காமல் உங்கள் கையில் ஊற்றினேன்.

காலையில் முருகேசண்ணன் வீட்டுக்குப் போகிறேன். உண்மையைச் சொல்லி, அவர் ஆட்டோவிலேயே ஏறி, நானே தோல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். பிறகு சீசா கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். சுவரிலிருக்கும் உங்கள் படத்தைக் கழற்ற மாட்டேன். கீழே எழுதியிருப்பதை மட்டும் மாற்றுவேன்: 'குணமாக்கியது ஆஸ்பத்திரி மருந்து. நான் கொடுத்த எண்ணெயில் வெந்த கை இது.'

முகம் வாடத்தான் செய்யும். வாடட்டும் மதினி.

உங்கள் கையைச் சுட்ட,
கொழுந்தன்