முன் சீட்டில் பழைய பம்ப்

மணமை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் சாமுக்கு அப்பா சாலமோன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, எடுத்ததும் கத்துகிறாய், அவன் கையை வெட்டுகிறேன் காலை வெட்டுகிறேன் என்கிறாய், பிறகு நீயே வைத்துவிடுகிறாய். அதனால் உன் மனைவி ரெஜினாவிடம் பேப்பர் வாங்கி எழுதுகிறேன், அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள், கடைசி வரி வரைக்கும் படி. நீ டிக்கெட் போட்டுவிட்டதாகவும் அவள்தான் சொன்னாள். எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். மெக்கானிக் ரமேஷை ஆள் வைத்து அடித்தது உனக்குப் போதவில்லை, மிச்சத்தை உன் கையால் முடிக்க வருகிறாய்.

முதலில் உன் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆல்வின் இன்னும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான், கழுத்தும் மார்பும் தோல் உரிந்து கிடக்கிறது, வலது கண் பிழைத்துவிட்டது, இடது கண்ணைக் கட்டு பிரித்த பிறகுதான் சொல்வார்களாம். அன்றைக்குக் கடல் பேய் பிடித்தமாதிரி இருந்தது, குப்பத்துப் படகுகளை எல்லாம் அவசரமாக மேலே இழுக்கச் சொன்னார்கள். அந்த மணலில் நாலு சக்கரமும் இழுக்கிற நம் பழைய டீசல் ஜீப்பை விட்டால் வேறு வண்டி ஏறாது என்று உனக்குத் தெரியும். கயிறு கட்டிப் பாதி இழுக்கும்போதே வாட்டர் பம்ப்பிலிருந்து தண்ணீர் ஒழுகித் தீர்ந்து இன்ஜின் கொதித்துவிட்டது. நான் படகுப் பக்கம் நின்று அதன் அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தேன், திறக்காதே திறக்காதே என்று நான் கத்தியது அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகினான், அது துப்பாக்கி மாதிரி வெடித்து அவன் முகத்திலேயே அடித்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஈர மணலை அள்ளி முகத்தில் அப்பிக்கொள்ளப் போனவனைக் கையைப் பிடித்து முறுக்கித்தான் தடுத்தேன்.

அந்தப் பம்ப்பை மாற்றிப் போட்டவன் ரமேஷ், கிறிஸ்துமஸுக்கு முன்னால் போட்டான், அதற்குள் ஒழுகியது, அதனால் அவன் மட்டமான சாமானைப் போட்டு ஏமாற்றினான் என்று நீயும் ஆல்வினும் முடிவு கட்டினீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் சிநேகிதன் பிரபாவுக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை நான் கேட்டுவிட்டேன். அவன் இனிமே ஸ்பேனர் புடிக்கக்கூடாது மச்சான் என்று சொல்லியிருக்கிறாய், என் பிள்ளையின் குரல்தான், வேறு யாருடைய குரலுமில்லை. பிரபா குப்பத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பட்டப்பகலில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் அவன் ஷெட்டுக்குப் போயிருக்கிறான். நம் ஜீப்பில் கிடந்த ஜாக்கி ராடைத்தான் எடுத்துப் போனான், எனக்கு அதுகூடத் தெரியாது. ஒரு வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, வலது கையை டயர்மேல் வைத்து அடித்திருக்கிறார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது, முன்பல் இரண்டும் போயிற்று. அவன் மனைவி வசந்தா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவள் குறுக்கே விழுந்திருக்கிறாள், அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது. ஆஸ்பத்திரியில் இந்தச் சேதியைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது சாமு, உன்னிடம் அதை மறைக்கமாட்டேன்.

பிறகு ஜீப்பைச் சரி செய்ய வேண்டும், படகெல்லாம் காத்துக் கிடக்கிறது. ஆனால் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு மெக்கானிக்கும் நம் வண்டியைத் தொடமாட்டேன் என்கிறான். ஒருத்தன் முகத்துக்கு நேராகவே, உங்க வண்டிய தொட்டா கைய ஒடிப்பீங்கோ, எனுக்கு புள்ளகுட்டி கீது என்றான். சரியென்று புது பம்ப்பும் பேக்கிங்கும் வாங்கி வந்து வீட்டு வாசலில் நானே பிரித்தேன். ஃபேன், பெல்ட் எல்லாம் கழற்றியாயிற்று, பம்ப் போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து அசையவில்லை, உன்மேலும் ரமேஷ்மேலும் இருந்த கோபத்தையெல்லாம் சுத்தியலில் காட்டினேன், ஒரு போல்ட் தலை அறுந்து என் விரல் நசுங்கி ரத்தம் கொட்டியது. கடைசியில் பம்ப் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தள்ளுகிற இலையெல்லாம் அரித்துத் தின்றிருக்கிறது, கருவாட்டுப் பானை அடியில் படியுமே, அப்படி வெள்ளையாக ஒரு படிவம். சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

நல்ல தண்ணீர் ஊற்றிய வண்டியில் உப்பு எப்படி வரும். அந்தப் பம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடற்கரைக்குப் போனேன். பிரபா வலை பிரித்துக்கொண்டிருந்தான். முதலில் எனுக்கு இன்னா தெரியும் நைனா என்றான். கழுத்தைப் பிடித்துப் படகோடு சேர்த்து அழுத்தினேன், இந்த வயதிலும் என் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது, மூச்சு வாங்கிய பிறகு சொல்லிவிட்டான். நீ கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது ஜீப்பில் அவனை ஏற்றிக்கொண்டு முட்டுக்காடு போனீர்களாமே. வழியில் ரேடியேட்டர் ஓஸ் கிளிப் ஒன்று தளர்ந்து தண்ணீர் இறங்கிப் போயிற்றாம், நீ அதை முறுக்கிவிட்டு அவனிடம் பக்கெட்டைக் கொடுத்தாயாம். அவன் கழிமுகத்தில் மொண்டு வந்து, படகு இன்ஜின் நாள்பூரா உப்புத் தண்ணியத்தான் குடிச்சிகினு கீது, ஜீப்பு மட்டும் இன்னா மகாராஜாவா என்று கேட்டானாம், நீ சிரித்துக்கொண்டே ஊத்துடா, வூட்டுக்குப் போயி கழுவிக்கலாம் என்றாயாம். படகு இன்ஜின் கடல் தண்ணீரைக் குடித்த கையோடு துப்பிவிடும், ஜீப் அதையே உள்ளே வைத்துச் சுற்றிச் சுற்றிக் கொதிக்கவைக்கும். மீன்பிடிக்கிறவன் அவனுக்கு அது தெரியாது. என் பிள்ளை உனக்குத் தெரியும். நீ கழுவவில்லை, மறந்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். ஆல்வினுக்கு அடிபடுவதற்கு முன்னால், பம்ப் ஒழுக ஆரம்பித்தபோதே ரமேஷ் பார்த்துவிட்டுத் தண்ணி சரியில்ல அங்கிள், யாரோ எத்தியோ ஊத்திக்கீறாங்கோ என்று சொன்னான், சாக்குச் சொல்கிறான் என்று ஆல்வின் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வண்டியை ஓட்டி வந்துவிட்டான்.

நேற்று ரமேஷ் வீட்டுக்குப் போனேன். வசந்தா உட்காருங்கள் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் இடது கையால் பம்ப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பல் போன வாயால் பேசுவதே அவனுக்குக் கஷ்டம். யார் ஊற்றியது என்று நான் சொன்னேன். அவன் மச்சான் துரை உள்ளேயிருந்து அரிவாளோடு எழுந்து வந்தான், ரமேஷ் பம்ப் பிடித்த கையையே நீட்டி அவனை நிறுத்தினான். இன்னும் நான் ஸ்டேஷனுக்குப் போவல அங்கிள், அவன் வரட்டும், வந்து அவன் வாயால சொல்லட்டும், அப்பால ஸ்டேஷனா இன்னான்னு நான் சொல்றேன் என்றான். அவனால் துரையை எத்தனை நாள் நிறுத்த முடியும் என்று எனக்குத் தெரியாது. நீ கோபத்தோடு வந்து இறங்கினால் உங்கள் இரண்டு பேரில் ஒருத்தன் செத்துப்போவான், நான் எந்தப் பக்கத்துப் பிணத்துக்கு அழுவது என்று நீயே சொல்.

புது பம்ப் போட்டாயிற்று, உள்ளே பலமுறை கழுவி நல்ல தண்ணீர் ஊற்றி மூடியைத் திறந்துவைத்துக் காற்று போகும்வரை ஓடவிட்டேன், இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆல்வினுக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது. ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு, வெளிய வந்ததும் அவனோட இன்னொரு கையி என்னுது என்று சொல்கிறான், உன்னைப்போலவே பேசுகிறான். அவனிடம் சொல்லவேண்டியது நானில்லை.

அதனால் டிக்கெட்டை ரத்து செய்யாதே, வா. ஏர்போர்ட்டுக்கு நான் ஜீப்பிலேயே வருவேன். முன் சீட்டில் பழைய பம்ப் இருக்கும், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் நீ உட்காரவேண்டும். வண்டி நம் வீட்டுக்கு வராது, நேராக ரமேஷ் வீட்டுக்குப் போகும், அங்கே நீ ஒருத்தன்தான் இறங்குவாய், துரை எழுந்து வந்தாலும் நீ கையைத் தூக்கக்கூடாது. நான் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்பேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆல்வின் கண்ணில் வெயில் படக்கூடாதாம், நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வா, மறந்துவிடாதே. அம்மா உனக்காக ஜெபத்தில் முழங்காலிலேயே இருக்கிறாள். தேவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வர உனக்குப் பலம் தரட்டும்.

உன்மேல் பிரியமுள்ள அப்பா,
ம. சாலமோன்